எங்கள் பண்ணை சிவப்பாகத் தெரிந்தது

அன்பு மகள் ஹெல்யாவுக்கு,

நாங்கள் இருவரும், மாடுகளும் சுகம். சிங்கப்பூர் வெயிலில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நம் ஊர் கியுருவெசியில் இன்னும் பனி கரையவில்லை, என் வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை. பால் லாரி ஓட்டும் வில்யோவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நம் பால் கூட்டுறவில் புதிதாக ஒரு கணினி முறை வந்திருக்கிறது. பண்ணைகளையெல்லாம் புள்ளிகளாக்கி, சாலைகளை வலையாகக் கோத்து, எந்த லாரி எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, எதை வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று அதுவே சொல்லுமாம். போன மாதம் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வந்து, உங்கள் வீட்டில் மட்டும் லாரி ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டாள். உன் அப்பா பெருமையாக, "எங்க வில்யோ காபி குடிக்காம ஒரு நாளும் போனதில்லம்மா, அப்படி அனுப்புனா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். புகழ்ந்துதான் சொன்னார். அதையே அவனுக்கு எதிரான ஆதாரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டுறவுக் கூட்டத்தில் திரை கட்டி ஊரையே காட்டினார்கள், லாரி அதிக நேரம் நிற்கும் இடமெல்லாம் சிவப்பு. எல்லார் வீட்டிலும்தான் அவன் காபி குடிக்கிறான், ஆனால் நம் பண்ணைதான் பெரிய சிவப்புப் புள்ளி. எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் உன் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. நிற்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, வில்யோவுக்குப் பதில் வெளிக் கம்பெனி ஓட்டுநர், சம்மதமா என்று தலைவர் கேட்டார். கூட்டுறவு நம்முடையது ஹெல்யா, நாம்தான் முதலாளிகள், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு கையாக உயர்ந்தது. உன் அப்பா கையும். த்தூ! பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே அருவருப்பாக இருந்தது. நான் ஒருத்திதான் எதிர்த்தேன். அதைவிடக் கேவலம், அத்தனை பேரும் வில்யோவின் கையைக் குலுக்கிவிட்டு காபிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் வரிசையில் நின்றார்கள். அவன் என்னிடம், "விடுங்க ரவுனி அக்கா, காபி ஆறிடும்" என்றான்.

நேற்று புது லாரி வந்தது. உன் அப்பா வெட்கமில்லாமல் வாசலில் நின்று, "வாப்பா, ஒரு வாய் காபி" என்று கூப்பிட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நின்னா என் வேலை போயிடும் பெரியவரே" என்று பால் உறிஞ்சும் குழாயைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். உன் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பரிதாபமே வரவில்லை.

நீயும் அங்கே கப்பல்களுக்கு இதே கணக்குத்தான் போடுகிறாய். உன்னைத் திட்டவில்லை, ஆனால் ஓர் இடத்தை வரைபடத்திலிருந்து எடுக்குமுன் ஒரு தடவையாவது அங்கே போய் உட்கார்ந்து பார். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆண்டவன் உன்னை நன்றாக வைக்கட்டும். மறக்காமல் வில்யோவுக்கு நாலு வரி எழுது, பனிக்காலத்தில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு லாரியில் ஏற்றிப்போனவன் அவன். அப்பாவிடம் போனில் இதைப் பற்றிக் கேட்காதே. நான் கேட்கிறதே அவருக்குப் போதும்.

உன் அம்மா,
ரவுனி