பெயர் சொல்லாத ஊர்

ஜூலை, 1940

அன்புள்ள அப்பா,

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஜெர்மானியர் படையெடுத்து வந்தால் வழி தெரியக்கூடாதென்று நம் ஊரின் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். தேவாலயச் சுவரில் இருந்த பெயரைக்கூடச் சுண்ணாம்பு பூசி மறைத்தாயிற்று.

இன்று மாலை சைக்கிளில் ஒரு சிப்பாய் வந்து, "இது எந்த ஊரும்மா?" என்றார். அந்தத் தேவாலயத்தின் எண்ணூறு வருட வரலாற்றைப் பள்ளிக்காக எழுதிய நான், "தெரியாது" என்றேன்.

"இன்னும் பேரே வைக்கலப்பா, கிளம்பு!" என்றார் மதுக்கடைக்காரர் பக்கிள்.

சிப்பாய் போனதும் பக்கிள் அங்கே வந்த அம்மாவிடம் சிரித்தார். "போறப்போ என்கிட்ட சொல்றான், உன் புருஷன் வில்ஃப்ரெட் வீட்டைத் தேடுறானாம். டன்கர்க் சண்டையில கூடவே இருந்தானாம். யார்கிட்ட கதை விடுறான்!"

டன்கர்க்குக்குப் பிறகு உங்கள் கடிதமே வரவில்லை, அப்பா. அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சிப்பாயின் பின்னால் விரைந்தாள்.

இதோ வந்துவிட்டாள். கையில், அந்தச் சிப்பாய் கொடுத்த உங்கள் கைக்கடிகாரம். நான் வாய் திறப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டாள்; இந்தக் கடைசி வரியை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மகள்