படம் முந்தி, பாட்டு பிந்தி

பிப்ரவரி 4

இன்றும் வட்டம் தாமதமாகவே விரிந்தது.

வேலையிலிருந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்தவள்தான், அக்கா தட்டை நீட்டியபோதுதான் எழுந்தேன். நான் எழுதியிருக்கும் புரோகிராம் பாட்டைக் கேட்டுப் படம் வரையும். தாளம் விழுந்தால் திரையில் வட்டம் விரியும், குரல் ஏறினால் நிறம் மாறும். போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. அரங்கத்தின் பின்சுவரில், கூட்டத்தின் தலைக்கு மேலே இந்தப் படம் ஓடும். மேடையிலிருந்து அதைப் பார்த்துத்தான் அவள் ஆடப்போகிறாள். மார்ச் ஒன்பதாம் தேதி நிகழ்ச்சி.

"இதுவும் சரியா வரலைன்னா, ஆட்டத்தை இதோட விட்டுடறேன்" என்றாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோல.

பிப்ரவரி 11

கணினி பாட்டைக் கேட்டு, கணக்குப் போட்டு, புரொஜெக்டர் அதைச் சுவரில் காட்டுவதற்குள் பாட்டு போயே போய்விடுகிறது. கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் கால் தப்பாக விழ அது தாராளமாகப் போதும். படத்தை இதற்கு மேல் விரட்ட முடியாது. பதிவு செய்த பாட்டுதானே, அதைத்தான் கொஞ்சம் பிடித்து வைத்து, பிறகு ஸ்பீக்கருக்கு விட வேண்டும்.

அரங்கத்துச் சவுண்டுக்காரரிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சவுண்டு லேட்டா வருதுன்னு எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. லேட்டாக்கித் தாங்கன்னு கேக்கற மொத ஆள் நீங்கதாம்மா."

செய்து தருகிறேன் என்றார்.

பிப்ரவரி 12

ஒத்திகைக்கு இன்னும் ஆறு நாள். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18

அரங்கத்தில் முதல் ஒத்திகை. பின்வரிசையில் என் மேசை, அதற்கு நேர் மேலே படம். உட்கார்ந்து, சவுண்டுக்காரரிடம் போனில் தாமதத்தைக் கூட்டச் சொல்லி, குறைக்கச் சொல்லி, சரிசெய்தேன். அடி விழுகிறது, வட்டம் விரிகிறது. கச்சிதம். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அக்கா ஆடினாள். பிந்தினாள். அடுத்த பாட்டிலும் பிந்தினாள். ஒவ்வொரு அடிக்கும் அவள் கால் கொஞ்சம், மிகக் கொஞ்சம், பின்னால் வந்து விழுந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் அவள் தோளைத் தட்டி, "பரவாயில்லம்மா, பழகிடும்" என்றார். பதினைந்து வருடம் ஆடியவளிடம்!

வண்டியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் உடம்பு மறந்துடுச்சுடி. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 19

அம்மா போனில்: "அவளே ஒதுங்கி உக்காந்திருந்தா. நீ ஏண்டி திரும்ப இழுத்து விடறே?"

நானா இழுத்தேன்? அவளாகத்தானே ஆசைப்பட்டாள்? இல்லை, நான் கேட்டு அவள் தலையாட்டினாளா — ஐயோ, ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது. மறுபடி அந்த மேடையில அவ தலை குனிஞ்சு நின்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பாப்பேன்?

பிப்ரவரி 21

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

மதியம் அரங்கத்துக்குப் போய் என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் சவுண்டுக்காரர் ஒரு பெட்டியின் மூடியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். கை விழுந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது. திரும்ப அடிக்கச் சொன்னேன். அதே கதை.

மேடையிலிருந்து பின்வரிசைக்குச் சத்தம் நடந்து வரவே நேரம் ஆகிறது! நான் என் காதுக்குப் பொருத்தி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் இருப்பதோ மேடையில்; அவள் நிற்கிற இடத்தில் பாட்டு முன்னாலேயே ஒலித்துவிடுகிறது, படம் பின்னால் வருகிறது. படத்தைப் பிசகாமல் பின்பற்றித்தான் அவள் பிந்தியிருக்கிறாள். ஒரு தடவையாவது மேடையில ஏறி நின்னு பாத்தேனா நான்?

வீட்டுக்கு ஓடி, உதட்டைப் படிக்க வசதியாக விளக்குக்கு நேரே நின்று சொன்னேன். மூச்சு வாங்கியதில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ என் கால் சரியாத்தான் இருக்கா?"

"கால் சரி. நான்தான் தப்பு."

எழுந்து போய் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

பிப்ரவரி 26

இன்று நான் மேடையில் நின்றேன். பாட்டை இன்னும் கொஞ்சம் பிடித்து வைத்தோம். அதோடு முடியவில்லை. கண் பார்த்துக் காலுக்குச் சொல்லவும் நேரம் வேண்டுமே. ஆகவே அவளுக்குப் படம் சற்று முந்தியே வர வேண்டும். அக்கா ஆட, நான் போனில் படம்பிடிக்க, சவுண்டுக்காரர் "இன்னும் விடவா, போதுமா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார். மொத்த அரங்கமும் பாட்டைத் தாமதமாகக் கேட்கப்போகிறது. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அளவு பொருந்தியதும் சவுண்டுக்காரர் தாமதத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானின் மேல் டேப் ஒட்டி, "தொட்டால் கை வெட்டப்படும்" என்று எழுதினார்.

மார்ச் 8

கரண்ட் போனால்? கேபிள் கழன்றால்? யாராவது எழுந்து நின்று படத்தை மறைத்தால்? இரவு சவுண்டு மிக்சரை அணைத்து வைப்பார்களே, அந்த அளவு அழிந்துபோனால்?

சவுண்டுக்காரருக்குப் போன் செய்தேன். "அழியாதும்மா. காலையிலயும் இதையேதான் கேட்டீங்க."

மார்ச் 9

ஆடிவிட்டாள். கால் தாளத்தின் மேலேயே விழுந்தது, கடைசி வரைக்கும். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 23

டிரம்ஸ் குழு ஒன்று தங்களோடு ஆட அக்காவைக் கூப்பிட்டிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரில் அடிக்கிற டிரம்மை எப்படிப் பிடித்து வைப்பது? அடித்த நொடியில் ஒலித்துவிடுமே! படம் பிந்தத்தான் செய்யும். எதிரே உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். முழுக்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அடிக்கறவங்க கையைக் கவனிச்சிருக்கியா? அடி விழறதுக்கு முன்னாடியே மேல போகுதுடி. எனக்கு அது போதும்."

"அப்போ நான் என்ன பண்றது?"

"டிக்கெட் வாங்கி உக்காந்து பாரு."

சிரித்தேன். பாத்திரம் தேய்க்கும்போது கொஞ்சம் அழுதேன், ஏன் என்று தெரியவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் ஒரு சீட் பதிவு செய்தேன்.