ஒன்பது அரைக்கற்கள்

1986 ஓகஸ்ட் 5, செவ்வாய்

யார் என்ன சொன்னாலும் இரண்டு தரம் யோசிக்கிறவள் நான். எங்கள் அலுவலகத்துக்கு வந்த புதுக் கொம்பியூட்டர், கோயில் நிலத்துக்கு இத்தனை கல் போதும் என்று சொன்னதை மட்டும் ஏன் ஒரு தரமும் யோசிக்கவில்லை? தெரியவில்லை.

குருநகர்ச் சிற்றாலயத்தில் நிலம் பதிக்கிற மேசன் யாகப்பு ஆளனுப்பிக் கூப்பிட்டார். பூப்போட்ட கற்கள், நான்கு சேர்ந்தால் ஒரு பூ. பீடத்தடியிலிருந்து முழுப் பூவாகப் பதித்துக்கொண்டு வந்தவருக்கு, வாசலில் கடைசி வரிசைக்குப் பதினெட்டு அரைக்கற்கள் வேண்டும். மிஞ்சியிருப்பவை ஒன்பது கற்கள். வெட்டினால் பதினெட்டுப் பாதிதானே என்றேன்.

ஒன்றை வெட்டி இரண்டு பாதியையும் என் கையில் தந்தார். ஒன்றில் பூவின் நடு. மற்றதில் வெறும் இலை ஓரம். வரிசை முழுக்க வேண்டியது நடுப் பாதி; ஓரப் பாதி உதவாது.

“உங்கடை பெட்டிக்குப் பூவும் தெரியாது, காம்பும் தெரியாது, மிஸ்.”

பரப்பளவு சரி — 567 கல். பூதான் பிழை.

6, புதன்

கற்கள் யோசப்பின் என்கிற பெண் தந்தவை. ஷெல் விழுந்து கூரை போன அவள் வீட்டு நிலம். கடலில் சுடப்பட்ட புருஷன் ஆசைப்பட்டுப் போட்டது. “ஒரு பூவும் குறையாமல் கோயிலிலை கிடக்கட்டும்” — அவள் கேட்டது அது ஒன்றுதான். 567 போதும், மிச்சம் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான். மிச்சத்தைச் சனம் உடைத்துப் பதுங்குகுழித் தளத்துக்குக் கொட்டிவிட்டது.

மானிப்பாய், கோப்பாய் எல்லாம் விசாரித்தாயிற்று. இந்தப் பூ எங்கும் இல்லை.

எங்கள் அலுவலகத் தலைவர் அருட்பிரகாசம் ஒன்று மட்டும் கேட்டார்: “கையாலை எண்ணிப் பாத்தனீங்களோ?”

இல்லை. கணிதத்தில் பட்டம் வேறு எனக்கு.

7, வியாழன்

அவளுக்கு எப்பிடிச் சொல்லுறது? என்ன மனிசி நான்?

8, வெள்ளி

சொன்னேன். யோசப்பின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“எத்தினை?”

“ஒன்பது.”

“என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். இருபது வருஷம் கூட்டித் துடைச்ச நிலம். சுவரோரம் எத்தினை பூ வெட்டுப்பட்டுக் கிடந்தது, அதுக்கு அவர் எத்தினை கல்லுக் கூட வாங்கினவர், எல்லாம் எனக்குத் தெரியும்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

9, சனி

கல் இல்லாத ஒன்பது இடத்திலும் யாகப்பு வெறும் சீமெந்து பூசினார். நாளை பெருநாள். வாசலில் நின்று யோசப்பினிடம் மன்னிப்புக் கேட்பேன். வருவாள். — வருவாளா?

10, ஞாயிறு

ஆறு மணிக்கே வாசலில் நின்றேன். சனம் சீமெந்தை மிதித்துக்கொண்டு உள்ளே போனது. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பூசை மணி அடித்த பிறகு பக்கக் கதவால் யோசப்பின் வந்தாள். பீடத்தடியில் முழந்தாளிட்டு, நிலத்தை ஒரு தரம் கையால் தொட்டாள். பூசை முடிந்ததும் அதே கதவால் போய்விட்டாள்.