தலையாட்டிச் செய்த பூனை

மார்ச் 3, செவ்வாய்

நூலக வேலையில் சேர்ந்து ஐந்து வாரம். இன்றும் தலையாட்டிவிட்டேன்.

தலைமை நூலகர் மேடம் அடுத்த வெள்ளி ஓய்வு பெறுகிறார். போன வருடம் செத்துப்போன அவருடைய பூனையைக் கம்பளியில் செய்து பரிசாகக் கொடுக்க வேண்டுமாம். "நீடில் ஃபெல்ட்டிங் தெரியும்ல உனக்கு?" என்றார் பக்கத்து மேசை அக்கா. தையல் மாதிரி ஏதோ என்று நினைத்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலை தானாக ஆடியது. ஏன்?

மார்ச் 5

அக்கா ஒரு பெட்டியும் பூனையின் போட்டோவும் தந்தார். பெட்டிக்குள் சாம்பல் நிறக் கம்பளிப் பஞ்சு, ஸ்பாஞ்சுக் கட்டை, மூன்று ஊசி. ஊசியில் காது இல்லை. நூலும் இல்லை. எதை எதில் கோப்பது?

வீடியோவில் ஒரு பெண் பஞ்சைச் சுருட்டி, ஸ்பாஞ்சின் மேல் வைத்துக் குத்திக்கொண்டே இருக்கிறாள். அது இறுகி உருண்டையாகிறது. அவ்வளவுதானா?

மார்ச் 7

இரண்டு மணி நேரம் குத்தியும் பஞ்சு பஞ்சாகவே இருக்கிறது. ஊதினால் பறக்கும்.

அப்பா எட்டிப் பார்த்தார். "தலகாணிக்கு அடைக்கவாம்மா?"

"பூனைப்பா."

"ஓ."

உள்ளே போய் அம்மாவிடம், "டிகிரி படிச்ச புள்ள, காரணமில்லாமயா குத்தும்?" என்றது கேட்டது. காரணம் எனக்கே தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவுக்குச் சலவைக்கடையில் கம்பளித் துணி துவைக்கும் வேலை. இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்படி இம்சை பண்ணாத. இறுகிப்போயிடும். ஒரு ஸ்வெட்டர் அப்படி ஆகி நான் வாங்கின திட்டு இருக்கே..."

"இறுகணும்மா. அதுக்குத்தான் குத்துறேன்."

என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படி ஆகக் கூடாதுன்னுதான் எனக்குச் சம்பளமே தர்றாங்க. நீ வேணும்னே பண்றியா?"

அப்போதுதான் என் கையைக் கவனித்தேன். ஊசி நுனி பட்டும் படாமலும். கம்பளியைக் கசக்காதே, முறுக்காதே, தேய்க்காதே — கேட்டுக் கேட்டு வளர்ந்த கை.

ஆழமாகக் குத்தினேன். சரக், சரக். இறுகியது.

அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பார்க்கப் பொறுக்கவில்லையாம்.

மார்ச் 9

ஒரு ஊசி உடைந்தது. விரலிலும் ஒரு குத்து.

மார்ச் 11

பூனையா, உருளைக்கிழங்கா? குத்தக் குத்தச் சிறுத்துக்கொண்டே போகிறது. எனக்குத் தெரியாதுன்னு அக்காகிட்ட சொல்லிடலாமா? அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு —

மார்ச் 13, வெள்ளி

ஒரு காது பெரிது. அப்படியே கொடுத்தாயிற்று.

மேடம் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரிய காதை விரலால் நிமிர்த்தினார். சிரிப்பா, அழுகையா, எனக்குப் பிடிபடவில்லை.

"யார் பண்ணது?"

அக்கா என்னைக் காட்டினார்.

"முதல் தடவையா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தலையாட்டினேன்.

"அடிப்பாவி" என்றார் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

மேடம் மற்ற பரிசுகளைப் பைக்குள் போட்டார். பூனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.