கடைசி நாற்காலி

டிசம்பர் 9

இன்று அஞ்சலி நிகழ்ச்சி வேலை தொடங்கியது. ஆண்டின் கடைசி நாள் மாலை எங்கள் செய்தி சேனலில் போவது. இந்த ஆண்டு இறந்துபோன பெரிய மனிதர்கள் எல்லாரும் வரிசையாக வருவார்கள், ஆளுக்கு எட்டு நொடி. ஒரு வானியலாளர், ஒரு கோல்கீப்பர், செயற்கைக் கால் வடிவமைத்த தச்சர், ஒரு நீதிபதி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு நடிகர்கள். நடிகர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். இறந்த தேதி அப்படி. நான் என்ன செய்ய?

நிருபர்கள் மகா சோம்பேறிகள். பிறந்த ஆண்டு தருவார்கள், மறைந்த ஆண்டை விட்டுவிடுவார்கள். அதனால் போன மாதம், நான் பார்த்துக்கொள்ளும் அஞ்சலி மென்பொருளில் ஒரு விதி எழுதினேன். மறைந்த ஆண்டு என்ற கட்டம் காலியாக இருந்தால் எதையும் சேமிக்காது, சிவப்பில் கத்தும். இந்த ஆண்டைப் போட்டால் அந்த ஆளைத் தானாகவே வரிசையில் சேர்த்துவிடும். இப்போது எல்லாரும் ஒழுங்காகப் போடுகிறார்கள். திட்டிக்கொண்டேதான். திட்டட்டும்.

டிசம்பர் 12

வரிசையின் கடைசியில் எட்டு நொடி வெறும் கறுப்பு. பிழை என்று நினைத்து அழிக்கப் போனேன். எடிட்டர் அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். எல்லாரும் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு நொடி கூடுதலாகத் தரமாட்டார்.

"அது கடைசி நாற்காலிடா. வரிசையப் பூட்டின பிறகும் யாராவது போவாங்க இல்ல? அவங்களுக்கு எடம் வேணாமா?"

"யாரும் போகலன்னா?"

"நான் வந்த நாள்லேர்ந்து அது காலியாப் போனதே இல்ல தம்பி. வந்து உக்காந்துடுவாங்க."

இந்த முறை யார் உட்காருவார் என்று மதியச் சாப்பாட்டின்போது ஊகம் நடந்தது. நானும் ஒரு முன்னாள் அமைச்சரைச் சொன்னேன். "அவரு நம்ம எல்லாரையும் அனுப்பி வெச்சிட்டுதான் போவாரு" என்றார் கத்தரி. எல்லாரும் சிரித்தோம்.

டிசம்பர் 15

அம்மாவின் ஸ்கேன் வந்தது. நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம். மருத்துவர் வரைந்து காட்டினார். படம் தேவையே இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது. குழாய்ச் சுவர் மெலிந்து பலூன் மாதிரி உப்பினால் அழுத்தம் எங்கே போகும் என்று பொறியியல் இரண்டாம் ஆண்டிலேயே கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்கு தெரியாதவன் இந்நேரம் நிம்மதியாக இருப்பான்.

அறுவை சிகிச்சை 29ஆம் தேதி. அதுவரை அசையக்கூடாது, கோபப்படக்கூடாது. கோபப்படாமல் அம்மாவா?

அம்மா சொன்னது: "பைப்பு பழசாயிடுச்சு, மாத்தப் போறாங்க. அதுக்கு ஏன்டா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. வண்டிச் சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று முறை தேடினேன், கையில் இருந்தது.

டிசம்பர் 17

அம்மா ஒருமுறை இருமினால் நான் எழுந்து போய் அவள் அறை வாசலில் நிற்கிறேன்.

டிசம்பர் 19

செய்தி ஆசிரியர் மேடம் இன்று என் மேசைக்கே வந்தார். "கடலை நீந்திக் கடந்தாங்களே, அந்த நீச்சல் அம்மா, ஆஸ்பத்திரியில சேரப் போறாங்களாம். நெலமை கொஞ்சம் சரியில்லன்னு கேள்வி. அஞ்சலி ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிடுப்பா. தேவைப்படலன்னா நல்லது."

"சரி மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது என் அம்மா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ நீயும் நல்லா நீந்துவியா? எனக்குத் தொட்டித் தண்ணீரைப் பார்த்தாலே உதறும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் கற்றுக்கொடுத்தவள் என்னிடம் தோற்றாள். இன்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும் என்று பயம். அதனால் சரி மேடம்.

டிசம்பர் 20

படம் போட்டாயிற்று. இருபத்திரண்டு வயதில், உப்புத் தண்ணீர் அரிக்காமலிருக்க உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு கரையேறுகிற படம். பெயர் போட்டேன். பிறந்த ஆண்டு போட்டேன். சேமி என்றேன்.

சிவப்பு. மறைந்த ஆண்டு தேவை.

நான் எழுதிய விதி. என் வாக்கியம், என் சிவப்பு. மாற்றவும் முடியாது. நேரலை முடியும்வரை மென்பொருளில் ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியவனும் இந்த மேதாவிதான். மேடம் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்.

போட்டேன். இந்த ஆண்டின் நாலு எண்கள். நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. அது ஒரு எண், அவ்வளவுதான். எண்ணுக்கு என்ன தெரியும்?

வீட்டுக்கு வந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன். "என்னடா திருடன் மாதிரி எட்டிப் பாக்கற?" என்றாள்.

டிசம்பர் 22

வரிசையைப் பெரிய திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நீதிபதி போனார், கோல்கீப்பர் போனார். கடைசியில் கறுப்பு வரவேண்டிய இடத்தில் அம்மா. கரையேறிக்கொண்டு. கீழே இரண்டு ஆண்டுகள், நடுவில் ஒரு கோடு.

இந்த ஆண்டைப் போட்டால் தானாகச் சேரும். ஆமாம். சேர்ந்துவிட்டது. சொன்னதைச் செய்தது.

எழுந்து ஓடினேன். கழிவறையில் வாந்தி. கத்தரி அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"என்னடா?"

"எங்கம்மாண்ணே."

"எங்க?"

"அந்த நாற்காலியில."

கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம், "அடப்பாவி, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றார். போய்க் கையால் எடுத்துவிட்டார். மென்பொருள் வரிசையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அம்மாவை மறுபடி கொண்டுவந்து உட்கார வைக்கும். "வெக்கட்டும், நான் எடுத்துட்டே இருக்கேன். அது களைக்குதா நான் களைக்கிறேனான்னு பாப்போம்."

டிசம்பர் 26

வேறு யாராவது வரவேண்டும். இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன். எங்கிருந்தாவது ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்த மனிதர், வலியில்லாமல், அந்த நாற்காலிக்கு. இப்படி நினைக்கிறவன் என்ன ஜென்மம்?

டிசம்பர் 28

அம்மா மருத்துவமனைக் கட்டிலில். "தண்ணில பாதி தூரத்துல எனக்கு பயம் வந்துச்சு, தெரியுமா? யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

"அப்போ என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது, திரும்பினாலும் அதே தூரம். கைய வீசினேன்."

போர்வையைச் சரிசெய்தேன். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 29

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கதவு திறக்கிறது — நமக்கில்லை. மறுபடி திறக்கிறது — நமக்கில்லை.

முடிந்தது. குழாய் மாற்றியாகிவிட்டது. "கண்ணு முழிக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் மருத்துவர். ஏன் இப்பவே பேசக்கூடாது? கத்திவிட்டேன். அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 30

முழிக்கவில்லை.

டிசம்பர் 31

இன்னும் இல்லை. உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். அக்கா அங்கே, நான் அலுவலகத்தில். அந்த மென்பொருளை இன்று யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

மதியம் மேடம் ஓடிவந்தார். அந்தத் தாவரவியலாளர் போய்விட்டார், பாறைப் பாசிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதினாரே, அவர். தூக்கத்திலேயே.

எனக்கு உடம்பு லேசானது. அப்பாடா என்று இருந்தது. ஒரு மனிதர் செத்ததற்கு அப்பாடா.

அவர் விவரத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி. அவருடைய மகள்.

"டிவில அப்பா கோட்டு போட்ட படம் காட்டறீங்க. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பாறைமேல குப்புறப் படுத்துட்டு லென்ஸ் வெச்சுப் பாக்கற படம் ஒண்ணு இருக்கு. எங்க வெச்சேன்னு தெரியல. கொஞ்சம் பொறுப்பீங்களா?"

நிகழ்ச்சி போகும் நேரம் நெருங்கிவிட்டது. வேறு நாளாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும்.

"தேடுங்கம்மா. நான் இருக்கேன்" என்றேன்.

மேடம் கத்தினார். கத்தரி அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இசையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அவரா! படம் வந்தது. முகமே தெரியவில்லை, பாறையும் முதுகும்தான். அதைத்தான் போட்டோம். பத்து நொடி.

பிறகு வெளியே போய் நின்றேன். அக்கா கூப்பிடவில்லை. கூப்பிடாதது நல்லதா கெட்டதா?

ஜனவரி 4

அம்மா கண் முழித்தது முந்தாநாள். இன்று முழு வாக்கியமாகப் பேசினாள். முதல் வாக்கியமே, "எனக்கு ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கியாமே, காட்டு." அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவள் வாய்!

ஃபோனில் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "வயிறு தெரியுது. வேற படம் போடு. நீரோட்டத்துக்கு எதிரா நீந்தினேன்னு எங்க எழுதியிருக்கு? அதானே கஷ்டமே."

பிறகு கீழே அந்த எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "உனக்குத்தான்டா ரொம்ப பயமா இருந்திருக்கும்" என்றாள்.

மாலையில் அலுவலகம் போய் அந்த விதியை எடுத்தேன். நிருபர்கள் மறந்தால் மறக்கட்டும், நானே கேட்டு வாங்குகிறேன். அம்மா சொன்ன படத்தை வைத்தேன். நீரோட்டத்தைச் சேர்த்தேன். மறைந்த ஆண்டை அழித்துவிட்டுச் சேமி என்றேன்.

சிவப்பு வரவில்லை.