கட்டைவிரல் எடுக்காத பதினோரு நிமிசம்

நெய்வேலி, பிளாக் 19
திங்கட்கிழமை சாயந்திரம்

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா பாவாடை எழுதுவது.

இங்கே அம்மா, நான், வாசல் முருங்கை எல்லாரும் சௌக்கியம். என் வலது கட்டைவிரல் ஒன்றுதான் சௌக்கியம் இல்லை. பேனாவைப் பிடித்தால் சுருக்கென்கிறது. அந்த வலிக்கு நீதான் காரணம் என்பதால், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பொறுமையாகப் படித்துவிடு.

போனில் சொல்லலாமே, கடுதாசி எதுக்குன்னு கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா செல்லக்கிளி பிடுங்கிக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாம் ஆடுகிற கேமில் சொல்லலாம் என்றால் அங்கே கதவு, லீவர், தண்ணீர் தவிர வேறு பேச்சு எனக்கு வராது. பண்ருட்டியில் வாங்கின முந்திரியை உனக்கு அனுப்புகிறோம். அந்த அட்டைப்பெட்டியில் இதற்கும் கொஞ்சம் இடம் இருந்தது.

பொங்கலுக்கு வந்துவிட்டுப் புனேவுக்குப் போனதிலிருந்து, போனில் நீ ‘ம்’, ‘சாப்பிட்டேன்’, ‘சரி’ என்று மூன்றே வார்த்தையில் குடித்தனம் நடத்தினாய். திடீரென்று ஒருநாள், ஒரு கேம் இருக்குப்பா, ரெண்டு பேர் இருந்தாத்தான் கதவு திறக்கும், வர்றியான்னு கேட்டாய். உன்னோடு ரூமில் இருந்த சத்யா ஊருக்கே போயிட்டாள் என்றாய். பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவனைப் போய்க் கூப்பிடுகிறாளே, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நிஜமாகவே உனக்கு வேறு ஆள் இல்லையோ?

அந்தக் கேமைக் கண்டுபிடித்தவன் லேசுப்பட்டவன் இல்லை. உன் அறையில் இருப்பது எனக்குத் தெரியாது. என் அறையில் இருப்பது உனக்குத் தெரியாது. நான் பார்க்கிற படத்தை வாயால் சொன்னால் நீ உன் பக்கம் பூட்டைத் திருக வேண்டும். நீ சொன்னால் நான் லீவரை இழுக்க வேண்டும். நான்தான் நீ சொல்லி முடிக்கிறதுக்குள் இழுத்துவிடுவேனே! முதல் வாரம் உன்னை ஆறு தரம் தண்ணீரில் முக்கினேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகினு இருந்த அம்மா, வாரம் ஆறு நாளு மண்ணுல, ஏழாம் நாளு பெத்த பொண்ணைத் தண்ணியில முக்குது பாரு இந்த மனுசன் என்றாள்.

அப்புறம்தான் மைன்ஸ் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். உனக்குத் தெரியும், சுரங்கத்து மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டின் இந்த முனையில் நான், அந்த முனையில் கருணாகரன். வாக்கி டாக்கியில் அவன் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் ‘சரி’ என்ற பிறகுதான் சுவிட்சில் கை வைப்பேன். இருபத்திரண்டு வருசமாக இரண்டு பேருக்கும் பத்து விரலும் பத்திரமாக இருப்பது அதனால்தான்.

ஐயோ அப்பா, கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாத என்று நீ கடுப்பானாய். ஆனால் கதவு திறந்தது. படங்களுக்குப் பெயர் தெரியாமல் ஒன்றைப் பலாக்கொட்டை என்றேன். பல்லுப் பல்லாக இருந்த சூரியனை பக்கெட் வீல் என்றேன். மைன்ஸில் மண் வெட்டுகிற அந்த ராட்சசச் சக்கரத்தைச் சின்ன வயசிலேயே பார்த்தவள் இல்லையா, டக்கென்று பிடித்துக்கொண்டாய். சிரித்தாய். இரண்டு மாசத்தில் முதல் சிரிப்பு. அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

நேற்று அந்த இரும்புக் கதவு. நான் லீவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிற வரை கதவு மேலே நிற்கும். விட்டால் உன் தலையில் விழும். நீ அதன் அடியில் வந்து நின்றாய். நின்றவள் நகரவில்லை. அப்பா, நான் வேலைய விட்டு மூணு மாசம் ஆவுது என்றாய்.

பழக்கதோசம். வேலைய விட்டு மூணு மாசம் ஆவுது என்று அப்படியே திருப்பிச் சொன்னேன். நீ ‘சரி’ என்றாய். அதற்கப்புறம்தான் விஷயமே என் மண்டைக்குள் போனது. வேறு நாளாக இருந்தால் எழுந்து நின்று, கையை வீசி, பிளாக்குக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன். எழுந்தால் விரல் எடுபடுமே. அதனால் உட்கார்ந்தே இருந்தேன். நீ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். மேனேஜர் எல்லார் எதிரிலும் பேசின பேச்சு. பாத்ரூமில் போய் அழுதது. சத்யா போன பிறகு நாலு நாள் கதவே திறக்காமல் படுத்துக் கிடந்தது. அந்த நாலு நாளைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் சரியாக வரவில்லை. சிக்னல் கோளாறு என்று நீ நினைத்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.

பதினோரு நிமிசம் என்று அம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். கடைசியில், தாண்டிட்டேன்ப்பா, விடலாம் என்றாய். கூடவே, பசிக்குது, தோசை ஊத்தப் போறேன் என்றாய். அதைக் கேட்டு உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. விரலுக்குத் தைலம் தேய்த்த கை கண்ணில் பட்டுவிட்டது. ராத்திரி ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன். குறட்டை தாங்காமல் அம்மா கூடத்துக்குப் போய்விட்டாள்.

ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். உனக்கு வேலை கிடைத்தபோது பிளாக் பூரா லட்டு கொடுத்தவன் நான். மந்தாரக்குப்பம் டீக்கடையில் முகம் தெரியாதவனுக்கும் சொன்னேன். அந்த லட்டுதான் இந்த மூணு மாசமும் உன் தொண்டையில் நின்றிருக்கிறது. அதனால் இன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்ததும் அதே கடையில், எல்லார் எதிரிலும், என் பொண்ணு வேலைய விட்டுட்டா என்று நானே சொன்னேன். ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். கருணாகரன் டீயை ஊதிக்கினே, அந்த எடம் காலியாத்தானே இருக்கும், என் மவன் சுதாகருக்குக் கேட்டுச் சொல்லேன் என்கிறான். அவ்வளவுதான் ஊர். அதற்குப் பயந்தா மூணு மாசம் வாயை மூடிக்கினு இருந்தாய்?

இங்கே வருவதென்றால் வா. உன் கட்டில் மேலிருந்த வடாம் மூட்டையை எடுத்தாயிற்று. அங்கேயே வேறு வேலை தேடுகிறேன் என்றால் தேடு. இரண்டும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். மறுபடி கதவு திறக்க முடியாத நாள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. ஷிப்டில் எனக்குப் போன் எடுக்க முடியாது. அதனால் எங்கள் கன்ட்ரோல் ரூம் நம்பரைப் பெட்டி மூடியின் உள்பக்கம் பெரிசாக எழுதியிருக்கிறேன். பாவாடை பொண்ணு பேசறேன்னு சொன்னால் போதும், என்னைக் கூப்பிட்டு விடுவார்கள். பெல்ட்டைக் கருணாகரன் பார்த்துக்கொள்வான்.

நீ தாண்டிப் போய், உன் வாயால் விடலாம்னு சொல்கிற வரைக்கும் நான் விரலை எடுக்கமாட்டேன். நல்லா இரு கண்ணு.

இப்படிக்கு,
உன் கிளிப்பிள்ளை அப்பா
பாவாடை