உன் பெயரில் பேசியவன்

செங்கல்பட்டு
6.8.2006

சிரஞ்சீவி அஸ்வத்துக்கு அம்மா மனதார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெருமாள் தயவில் நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். இமெயில் இருக்கும்போது இந்த அம்மா எதற்கு வெயிலில் போஸ்டாபீஸ் வரை நடந்தாள் என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. கோணல்மாணலான என் கையெழுத்தைப் பார்த்ததும் இது அம்மா என்று உனக்குத் தெரிந்துவிடும். இமெயிலை எவன் வேண்டுமானாலும் எவன் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நிதானமாக முழுவதும் படி, நடுவில் பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுவிட்டுப் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆடிக் காற்றில் கேட் டமார் டமாரென்று அடித்துக்கொண்டிருந்தது, சாத்தலாம் என்று போனால் அங்கே ஒரு மனுஷரும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர், இது கஸ்தூரிரங்கன் சார் ஆத்து வாசல்தானே, நீங்கதான் காமு மாமியா என்று தெருவே அதிரும்படி கத்தினார். ஐயோ பாவம், இவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் அடித்தொண்டையிலிருந்து, ஆமாம், உள்ளே வாங்கோ என்று கத்தினேன். அவர் இன்னும் பலமாக, நாங்க கூடுவாஞ்சேரிலேருந்து வரோம் என்றார். நான் அதைவிடப் பலமாக, ரொம்ப சந்தோஷம் என்றேன். அந்தப் பெண் வெட்கத்தில் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. எதிர்க்கடை முனிசாமி ஜெராக்ஸ் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, இன்னாம்மா தகராறா என்று வந்து நின்றுவிட்டார். தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் காதில் விழுகிறது, வந்தவர் உன் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தி, மாமிக்கு எத்தனை வருஷமா காது கேக்கலை என்று துக்கம் விசாரிக்கிறார். எனக்கா! பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தபோது கடைசி பெஞ்சில் புளியங்கொட்டை உருளும் சத்தம்கூடக் கேட்டு எழுந்து நிற்கச் சொன்னவள் நான். எனக்குக் காது கேட்காது என்று எந்தக் கடன்காரன் சொன்னான் என்று வெளியே வந்து கேட்டேன். உங்க பிள்ளை அஸ்வத்தான் சொன்னார் என்றார் அவர்.

அந்தப் பெண்ணின் பெயர் மானசா. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அமெரிக்காவிலிருந்து அஸ்வத் என்று ஒருவன் மாசக்கணக்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். இன்டர்நெட்டில் அவள் ஜாதகத்தைப் பார்த்தானாம், பிடித்துவிட்டதாம், அம்மா அப்பாவிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறானாம். அதுவரை இந்த வீட்டுக்கு யாரும் போன் செய்ய வேண்டாம், அம்மாவுக்குக் காது கேட்காது, அப்பாவுக்கு இருதயக் கோளாறு, திடீரென்று கேட்டால் தாங்கமாட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறான். உன் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவன் அனுப்பியது என்று மானசா ஒரு போட்டோவையும் ஒரு விவரத்தாளையும் காட்டினாள். போட்டோ, நீ அமெரிக்கா கிளம்புவதற்கு முன் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் நீலச் சட்டையில் எடுத்துக்கொண்டாயே, அதேதான். தாளில் நட்சத்திரம், பாதம், கோத்திரம், பிறந்த நேரம், நீ படித்த காலேஜ், அப்பா தாலுகா ஆபீஸில் ரிடையர் ஆனது, நம் வீட்டு விலாசம், ஒன்றுகூடத் தப்பில்லை. விசாவுக்கு வேண்டும் என்று அவன் கேட்டதால் தன் பாஸ்போர்ட்டையும் மார்க் ஷீட்டையும் காப்பி எடுத்து ஒரு மெட்ராஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். ஒரிஜினல்களை வாங்கிப் போக ஒரு சினேகிதன் வருவதாக ஏற்பாடு, வேலையை விட ராஜினாமாகூட டைப் செய்து வைத்துவிட்டாள். பிள்ளையாத்தை ஒரு நடை பார்க்காமல் பெண்ணைக் கொடுக்கிற வழக்கம் எங்காத்தில் கிடையாது என்று அவள் அப்பா யாரிடமும் சொல்லாமல் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறியதால்தான் இதெல்லாம் வெளியே வந்தது.

உன்னிடம் சொல்ல எனக்கென்ன, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நம் பிள்ளை ஒரு பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசுகிறானா, சாப்பிட்டாயா, கொளவாய் ஏரிக் காற்று ஞாபகம் வருகிறது என்றெல்லாம் சொல்கிறானா என்று. அடுத்த நிமிஷமே பொறாமையும் வந்தது, என்னிடம் பேசினால் என்ன கொள்ளை என்று. அப்பா உடனே உனக்குப் போன் போட்டார். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு வெள்ளைக்காரி சொல்கிறாள். நம்பரை மாற்றினால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா, கண்ணா. பெற்றவர்களுக்கே நம்பர் தெரியாது என்றால் யார் நம்புவார்கள். மானசாவின் அப்பா முகம் கறுத்துவிட்டது. ஒன்று உங்க பிள்ளை எங்களை ஏமாத்தறான், இல்லே நீங்க எல்லாரும் சேர்ந்து ஏமாத்தறேள், நாளைக்கே போலீஸில் எழுதிக் கொடுக்கறேன் என்று எழுந்துவிட்டார். உன் பெயர், உன் பிறந்த தேதி, உன் அப்பா பெயர் எல்லாம் போட்டு, பெண்ணை ஏமாற்றியவன் என்று. அடுத்த வருஷம் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியவன் நீ. 

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பெண்ணிடம், அவன் போனில் எப்படியம்மா ஆரம்பிப்பான் என்று கேட்டேன். ஹலோ, நான் அஸ்வத் பேசறேன்னு ஆரம்பிப்பார் மாமி, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அவ்வளவு ஜோரா பேசுவார் என்றாள். அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது. அது என் பிள்ளை இல்லை என்றேன். பிறகு இத்தனை வருஷமாக வெளி மனுஷரிடம் சொல்லாததைச் சொன்னேன். என் பிள்ளைக்குத் திக்குவாய், எல்லாவற்றையும்விடத் தன் பெயரைச் சொல்லத்தான் அவனுக்குக் கஷ்டம், அந்த முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான், போன் என்றாலே ஒதுங்கிவிடுவான் என்று சொல்லிவிட்டேன்.  ஜாதகத்தோடு கொடுப்பதற்கு நான் எழுதிய அந்த விவரத்தாளில் உயரம், நிறம், சம்பளம், நற்குணம் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. அதில் இல்லாததால் அந்தப் படுபாவிக்கும் தெரியவில்லை.

மானசாவின் அப்பா நம்பவில்லை, எந்த அம்மாவும் பிள்ளையைக் காப்பாத்த இப்படித்தான் ஏதாவது சொல்வா என்றார். அதுவரை கேட்டருகே நின்றிருந்த முனிசாமி உள்ளே வந்துவிட்டார். இன்னா சார் நீ, அந்தத் தம்பி நம்ம கடைக்கு வந்துச்சுன்னா எத்தினி காப்பின்னு வெரல்லதான் காட்டும், பேர் இன்னான்னு யாராவது கேட்டா சொல்றதுக்குள்ள அதுக்கு வேர்த்துப்பூடும், அது போன்ல ஒரு மணி நேரம் பேசிச்சா, வேணும்னா இந்தத் தெருவுல எந்த வூட்டுலயாச்சும் கேட்டுக்கினு வா சார் என்றார். மானசாவின் அப்பாவும் விடவில்லை, நிஜமாகவே போய் இரண்டு மூன்று வீட்டில் விசாரித்துவிட்டு வந்தார். நான் மூடி மூடி வைத்தது தெருவுக்கே தெரிந்திருக்கிறது, ஒருவரும் ஒரு நாளும் முகத்துக்கு நேரே காட்டிக்கொண்டதில்லை. திரும்பி வந்தவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், இந்தத் தடவை சத்தம் போடாமல் கேட்டார்.

அந்தப் பெண்தான் பாவம். அழவில்லை, போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பேங்க்குக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்றவ மாமி, போனில் கூப்பிடறவா நிஜமான ஆள்தானான்னு தெரிஞ்சுக்க பேங்க்கில் என்ன கேப்பான்னு எனக்கு அத்துப்படி, பிறந்த தேதி, அம்மாவோட பிறந்தாத்துப் பெயர், சொந்த ஊர், எல்லாம் இந்தத் தாளில் இருக்கே என்றாள்.  எதை ரகசியம் என்று பேங்க்காரன் நினைக்கிறானோ அதையெல்லாம் அச்சடித்து நான் ஊருக்கு விநியோகம் செய்திருக்கிறேன். தரகரிடம், சங்கப் பத்திரிகையில், கம்ப்யூட்டரில், போதாக்குறைக்குக் கைப்பையில் எப்போதும் நாலு வைத்துக்கொண்டு மாமல்லபுரம் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கெல்லாம் கொடுத்தேன். சரியாக விழாத காப்பிகளை முனிசாமி கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன், அவர் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போடுவார். எந்தக் காப்பி எவன் கையில் போனது என்று யாருக்குத் தெரியும். கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற எல்லா வீட்டிலும் இதைத்தானே செய்கிறார்கள், அதற்காக என்னைத் தூக்கில் போட முடியாது. ஆனால் இனிமேல் ஜாதகக் கட்டமும் நட்சத்திரமும் மட்டும்தான் வெளியே போகும். பொருந்தி, வீடு தேடி வந்து உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

உனக்கும் சொல்கிறேன், உபதேசம் என்று தள்ளாதே. பாஸ்போர்ட் காப்பி யாராவது கேட்டால் எதற்கு என்று கேள், கொடுக்கத்தான் வேண்டும் என்றால் குறுக்கே இரண்டு கோடு போட்டு இன்ன காரியத்துக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. ஒரிஜினலை மெஷின் கண்ணாடியிலேயே மறந்துவிட்டு வரும் புத்தி உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது, அதைக் கவனி. அங்கே ஏதோ சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்று இருக்கிறதாமே, அந்தக் கார்டை பர்ஸில் வைத்துக்கொண்டு திரியாதே, வீட்டில் வை என்று மானசா சொல்லச் சொன்னாள். பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று எவனாவது கூப்பிட்டுப் பிறந்த தேதி கேட்டால் வைத்துவிட்டு நீயே பேங்க்கைக் கூப்பிடு. வீடு மாறினாயே, பழைய விலாசத்துக்கு இன்னும் பேங்க் கடுதாசி போகிறதா பார். அப்பா ஏ.டி.எம் நம்பராக உன் பிறந்த வருஷத்தை வைத்திருந்தார், அதைக் காகிதத்தில் எழுதிக் கார்டோடேயே ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார், கேட்டால் மறந்துவிடுமாம். இரண்டையும் மாற்ற வைத்தேன். இப்போது வீட்டில் எந்தக் காகிதம் கண்ணில் பட்டாலும் சுக்குநூறாகக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்து வாழைக்கு அடியில் கொட்டுகிறார். நேற்று கோயில் உற்சவப் பத்திரிகையையும் கிழித்துவிட்டார், அதில் நம் பெயர்கூட இல்லை.

திங்கட்கிழமை அப்பாவும் மானசாவின் அப்பாவும் சேர்ந்தே போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். உன் பெயரைக் கெடுத்தவன் மேல்தான் புகார், உன்மேல் இல்லை. அவன் போன் அன்றிலிருந்து அணைந்து கிடக்கிறது, கூரியர் போன விலாசத்தில் அப்படி யாரும் இல்லையாம், பிடிபடுவானா தெரியாது. மானசா ராஜினாமாவைக் கிழித்துப் போட்டாள், தன் பாஸ்போர்ட் காப்பி போன விஷயத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். நல்ல பெண், தைரியசாலி. நீ உடனே கற்பனை செய்யாதே, நான் இப்போது கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை, அந்தப் பெண் முதலில் நிம்மதியாகத் தூங்கட்டும். நீ செய்ய வேண்டியது, இப்படி யாரிடமும் நான் பேசியதில்லை என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுப் பாஸ்போர்ட் காப்பியோடு அனுப்புவது. அப்பா அனுப்பிய இமெயிலுக்கு நீ பதில் போட்டாயே, அது நானில்லை, கவலை வேண்டாம், வேலை அதிகம் என்று இரண்டு வரி, அதை அப்பா பெருமையாக மானசாவின் அப்பாவிடம் காட்டினார். இது உங்க பிள்ளைதான் அனுப்பினார்னு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மறுபடி முதலிலிருந்து படித்தார். நானும் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு தடவை போன் செய். உன் திக்கலை நான் அந்தத் தாளில் மறைத்தேன். உனக்கு வெட்கமாக இருக்குமே என்று நினைத்தேன், யோசித்துப் பார்த்தால் வெட்கப்பட்டது நான்தான், நீ இல்லை. உன் நட்சத்திரம், போட்டோ, பெயர் எல்லாவற்றையும் ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான், நீ பேசுகிற விதத்தை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை. நான் போனை எடுத்ததும் ஒன்றும் கேட்காமல் காத்திருப்பேன். அந்த முதல் வார்த்தை வர எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும், ஐ.எஸ்.டி. பில்லைப் பற்றி நினைக்காதே, நடுவில் நான் எடுத்துக்கொடுக்கவும் மாட்டேன். சடாரென்று யாராவது நான் அஸ்வத் பேசறேன் என்று சொன்னால் வைத்துவிடுவேன்.

தீர்க்காயுசோடு நன்றாக இரு. வெந்தயப் பொடி தீர்ந்திருக்கும், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். புது நம்பரை மறக்காமல் எழுது, அதற்கு முன்னால் கூப்பிடு. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா
காமு